நாசியா சொன்ன ஆறரை மணி

குவைத் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கம்ப்யூட்டரில் தட்டிப் பாருங்கள். சுமார் மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், பயண நேரம் ஐந்து மணி என்று பதில் வரும். கூடவே வளைவாக ஒரு கோடும் போட்டுக் காட்டும். நாசியாவிடம் அதைக் காட்டினால் சுத்தப் பொய் என்பாள். "ஏர்போர்ட்டுலயா குடும்பம் நடத்துறாங்க?" என்று திருப்பிக் கேட்பாள்.

நாசியா எங்கள் கோட்டக்குப்பம் மெயின் ரோட்டில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவள். பத்துக்கு எட்டு அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் அவள் கடை. பக்கத்துக் கடை என்னுடையது. போட்டோ ஸ்டுடியோவும் ஜெராக்ஸும். என் பெயர் கோபி. இந்த ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போன பாஸ்போர்ட் முகங்களில் பாதி, நான் 'கண்ணைத் திறங்க பாய்' என்று அதட்டி எடுத்தவை.

அவளிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஊருக்குத் திரும்பி வருகிற எவரும் அவளிடம் மாட்டாமல் தப்ப முடியாது. சலாம் சொல்லி முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும். "அங்க ரூம் கதவ சாத்திக்கினு கிளம்புனது எத்தினி மணி? இங்க வீட்டு வாசப்படிய மிதிச்சது எத்தினி மணி?" பதிலை வாங்கி எழுதிக்கொள்வாள். விமானம் எத்தனை மணி நேரம் பறந்தது என்று கேட்கவே மாட்டாள். அது விமானக் கம்பெனியின் கவலையாம். மனுஷனுக்கு வேண்டியது வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம் என்பதுதானாம். எட்டு வருடமாக எழுதுகிறாள். துபாய், தோஹா, குவைத், மஸ்கட், ஜித்தா என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எந்த மாதத்தில் இமிகிரேஷன் வரிசை நீளும், எந்தக் கிழமையில் மரக்காணம் சாலை அடைபடும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆரம்பத்தில் நான் கிண்டல் செய்தேன். "உனக்கு வேற வேலை இல்ல" என்றேன். "உனக்கு இருக்குதா அண்ணே?" என்று கேட்டாள்.

அந்த நோட்டுக்குப் பின்னால் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. அவள் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த, அவளைப் பெற்ற அத்தா ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. சேதி போனதும் அவள் பஸ் ஏறினாள். விழுப்புரத்திலிருந்து எங்கள் ஊர் நாற்பது கிலோமீட்டர். வளவனூரில் கரும்பு டிராக்டர் ஒன்று ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. முக்கால் மணி நேரம் பஸ் நகரவில்லை. அவள் தெருமுனையில் இறங்கியபோது, அடக்கம் முடித்து ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கை கால் எல்லாம் மண்.

தனக்காக ஏன் காத்து நிற்கவில்லை என்று கேட்டவளுக்கு யாரோ ஒரு பெரிய மனிதர் சொன்ன பதில் இது. "பொண்ணு வந்து அழத்தானே போற. அத அப்புறமும் அழலாம்மா."

அந்தப் பதிலை அவள் மறக்கவில்லை. நானாக இருந்தாலும் மறக்க மாட்டேன். அந்தத் தெருவிலேயே அடுத்த வருடம், துபாயிலிருந்து ஒரு மகன் வருவதற்காக ஒரு தகப்பனை ராத்திரி வரை வைத்திருந்தார்கள். மகன் என்றால் நேரம் நிற்கும், மகள் என்றால் ஓடும். எங்கள் ஆட்கள் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. எங்களிலும் மகன் அமெரிக்காவிலிருந்து வர மூன்று நாள் ஐஸ் பெட்டி போடுவோம். மகள் திருச்சியிலிருந்து வர மூன்று மணி நேரம் பொறுக்க மாட்டோம். இந்த விஷயத்தில் மட்டும் நமக்குள் நல்ல ஒற்றுமை.

படிப்பு முடிந்ததும் நாசியா திண்டிவனத்தில் ஒரு டிராவல்ஸில் நாலு வருடம் வேலை பார்த்தாள். அங்கேதான் டிக்கெட் போடக் கற்றுக்கொண்டாள். முத்தியால்பேட்டையில் பைக் மெக்கானிக்காக இருப்பவரைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பி இந்தக் கடையைப் போட்டாள். பொம்பளை ஆளிடம் டிக்கெட்டா என்று முதலில் யாரும் வரவில்லை. பிறகு, அவள் ஒரு நேரம் சொன்னால் அந்த நேரத்துக்கு ஆள் வந்து நிற்கிறான் என்ற பேச்சு பரவியது. அதற்குப் பிறகு பிரியாணிச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிறவர்கள்கூட அவளுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் ஏற்றினார்கள்.

போன வருடம், ஆனி மாதம் அமாவாசை அன்று, விடிகாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லுகிற நேரத்தில் நஃபீசா பீவி மவுத்தானார். நாங்கள் காலமானார் என்போம். எங்கள் கடைகளுக்குப் பின் தெரு. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சபுரா, குவைத்தில் ஜஹ்ராவில் ஒரு வீட்டில் சமையல் வேலை. இளையவன் சுஃப்யான், உள்ளூரில் செல்போன் கடை. சபுரா தாயைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின மாதம்தான், லீவு கிடைத்துவிட்டது, பக்ரீத் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

சுஃப்யான் ஐந்து மணிக்கு நாசியாவை எழுப்பினான். ஐந்தே முக்காலுக்குள் அவள் டிக்கெட் போட்டுவிட்டாள். நேராக வரும் விமானம், கடைசியாக இருந்த இரண்டு சீட்டில் ஒன்று. சபுரா வேலை செய்யும் வீட்டம்மா தங்கமானவள். பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் கொடுத்து, தன் காரிலேயே ஏர்போர்ட்டுக்கு அனுப்பி வைத்தாள். குவைத் நேரம் நாலேகாலுக்கு சபுரா அந்த வீட்டுக் கதவைத் தாண்டினாள். நாசியா அதை எழுதிக்கொண்டாள்.

நான் ஏழு மணிக்குப் போய் ஷாமியானா கட்ட ஆள் பிடித்து, நாற்காலி போட்டேன். ஐஸ் பெட்டி வந்தது. ஒன்பது மணிக்கு ஜமாஅத் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் மீரா சாகிப் ஹாஜியார். முப்பத்திரண்டு வருடம் குவைத்தில் கட்டட மேஸ்திரியாக இருந்து வந்தவர். ஊரில் வளைகுடா விஷயம் எதுவானாலும் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கெட்ட மனிதர் இல்லை. மழைக் காலத்தில் மீனவர் குப்பத்துக்கே போய்ச் சோறு போட்டவர். ஆனால் தான் சொன்னது தப்பு என்று ஒருமுறைகூடச் சொல்லாமலே எழுபது வயதைத் தொட்டவர்.

சுஃப்யான் டிக்கெட் நகலை அவரிடம் கொடுத்தான். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"ஏழரைக்கு அங்க எடுக்கிறான். மூணு மணிக்கு இங்க எறங்குறான். மூணோட ரெண்டரைய சேரு, நம்ம டைம் அஞ்சரை. வெளிய வர ஒரு மணி நேரம், ஆறரை. ரோட்டுல மூணு மணி நேரம். ஒம்போதரை, பத்து ஆயிடும்டா சுஃப்யான். அது வரைக்கும் தாய வெச்சிக்கினு இருக்கிறதா? அசருக்கு எடுத்துடலாம்."

அசர் என்றால் பிற்பகல் தொழுகை. எங்கள் பள்ளிவாசலில் நாலு மணிக்கு. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் விரல் மடக்கினார்கள். எல்லோருக்கும் அஞ்சரைதான் வந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இந்த ஊரில் ஒவ்வொருவரும் வாலிபம் முழுக்க போனில் கழித்தவர்கள். 'இப்ப அங்க எத்தினி மணி?' என்று கேட்டு, நம் கடிகாரம் முன்னால் ஓடுகிற அந்த இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பழகிய மண்டை. அங்கிருந்து வருகிற எந்த எண்ணாக இருந்தாலும் அது தானாகவே இரண்டரையைக் கூட்டிவிடும். டிக்கெட்டை அவர்கள் என்றைக்குப் படித்தார்கள்? ஏற்றி விடுகிறவன் சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பார்கள், அவ்வளவுதான்.

பெண்கள் பக்கத்திலிருந்து நாசியா முன்னால் வந்தாள். தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். குரலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

"மாமா, டிக்கெட்டுல அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊரு டைம்தான் போடுவான். மூணு மணின்னா மெட்ராஸ் மூணு மணி. கூட்டக் கூடாது."

"யாருக்கும்மா சொல்ற? நான் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன்."

"நீங்களே பாருங்க மாமா. ஏழரைக்கு ஏறி மூணு மணிக்கு எறங்குனா ஏழரை மணி நேரம் ஆகுது. ஃப்ளைட்டு பறக்கிறது அஞ்சு மணி நேரம்தான். அந்த ரெண்டரை ஏற்கெனவே உள்ள இருக்குது. நீங்க ரெண்டாவது தடவ சேக்குறீங்க. சபுரா அக்கா ஆறரைக்கெல்லாம் இந்த வாசல்ல நிப்பாங்க. இஷாவுக்கு வெச்சிக்கலாம்."

இஷா என்றால் இரவுத் தொழுகை. கணக்கு எனக்குப் புரிந்தது. ஹாஜியாருக்கும் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அரை நிமிடம் டிக்கெட்டையே பார்த்தார். ஆனால் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது புரிந்தது என்று காட்டிக்கொள்வது எப்படி? காகிதத்தை நாலாக மடித்து சுஃப்யான் கையில் திணித்தார்.

"டிக்கெட் போடுறது உன் வேல. அடக்கம் பண்றது எங்க வேல. மையித்த தாமதிக்கக் கூடாது. பொண்ணு வந்தாலும் கபருஸ்தானுக்கு வரப் போறதில்ல. ஹஜ்ரத்து, நீங்க சொல்லுங்க."

கபருஸ்தான் என்கிற இடுகாட்டுக்கு அவர்கள் பெண்கள் போவது வழக்கமில்லை. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் இளம் வயதுக்காரர். "சீக்கிரம் அடக்குறது நல்லதுதான். ஆனா பெத்த பிள்ளைக்காகக் கொஞ்சம் காத்திருக்கிறதுன்னா, அது வீட்டாரோட முடிவு" என்று சுஃப்யானைப் பார்த்தார். சுஃப்யான் தரையைப் பார்த்தான். அவன் நல்ல பையன்தான், ஆனால் பெரியவர்களின் காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அந்தப் பக்கம் சாயும் தலை. பத்து நிமிடத்தில் பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பு வந்தது. அசர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்.

நாசியா போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். திண்டிவனத்துக்காரன் பச்சைமுத்து, அவள் வழக்கமாக அனுப்பும் கார் டிரைவர், அன்றைக்கு ஒரு சவாரியை இறக்கிவிட்டு சென்னையில்தான் இருந்தான்.

"பச்சமுத்து, ரெண்டே முக்காலுக்கெல்லாம் மீனம்பாக்கத்துல நில்லு. திண்டிவனம் வழியா வராத. மகாபலிபுரம், மரக்காணம் வழியா வா."

"பைபாஸ்ல பறந்துடலாம்க்கா. நம்ம ஊரு ரோடு எனக்குத் தெரியாதா?"

"இன்னைக்கு அமாவாச. மெட்ராஸ்ல இருக்கிற ஸ்பெஷல் பஸ் அத்தினியும் மேல்மலையனூருக்கு திண்டிவனம் வழியாத்தான் போவும். நாலு மணிக்கு மேல மேம்பாலத்துக்கிட்ட நீ நகர மாட்ட. நாலு வருஷம் அந்தப் பாலத்துக்கு அடியில உக்காந்து பாத்திருக்கேன். சொன்னத செய்."

எனக்கே அப்போதுதான் அமாவாசை ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரி மேல்மலையனூர் அங்காளம்மனுக்குக் காணிக்கை முடிந்து வைத்திருந்தாள். காலையில் சாவு வீட்டுக்கு என்று கிளம்பியவன் அதையே மறந்துவிட்டேன். நாசியா மறக்கவில்லை.

பகல் தொழுகை முடிந்து, ஒன்றே முக்கால் வாக்கில் ஆண்கள் திரும்பினார்கள். மையித்தை, அதாவது உடலைச் சுமக்கும் சந்தூக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். வெள்ளை கபன் துணி வந்தது. இனி குளிப்பாட்ட வேண்டியதுதான் பாக்கி. உடம்பைக் குளிப்பாட்டி, துணி சுற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். பெண்ணின் உடம்பைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். வேற்று ஆண் எவனும் அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. ஊரில் அந்த வேலையைச் செய்பவர் பாத்திமுத்து. தன் சொந்த மாமியாரிலிருந்து தெருவில் இறந்துபோன எல்லாப் பெண்களையும் குளிப்பாட்டியவர். கறாரான பொம்பளை.

"பாத்திமுத்து, ரெண்டரைக்கு ஆரம்பிச்சுடு" என்று ஹாஜியார் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

பதிலுக்குக் கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே நாசியா, பாத்திமுத்து, இன்னும் ஐந்து பெண்கள், நடுவில் நஃபீசா பீவி. வெளியே நாங்கள். ஒரு நிமிடம் யாருக்கும் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. பிறகு ஹாஜியார் கதவருகே போனார்.

"நாசியா! இன்னா வேல இது? கதவத் தொற."

"சபுரா அக்கா வந்து முதல் தண்ணி ஊத்துவாங்க மாமா. அது வரைக்கும் தொறக்க மாட்டோம்."

"இது ஜமாஅத் முடிவு!"

"ஜமாஅத் முடிவுன்னா ஜமாஅத்தே உள்ள வந்து குளிப்பாட்டட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிக்கலாமா? குனிந்து ஒரு நாற்காலியின் காலைத் துடைத்தேன். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் வேறு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹாஜியார் முகம் சிவந்துவிட்டது. "பாத்திமுத்து, நீயுமா? வயசான காலத்துல பேஜாரு பண்ணாத."

உள்ளேயிருந்து பாத்திமுத்துவின் குரல் நிதானமாக வந்தது. "நாப்பது வருஷமா கூப்டப்பெல்லாம் வந்து கழுவுனேன் ஹாஜியாரே. எத்தினி பொண்ணுங்க தாயி மொகத்தப் பாக்காம மண்ணப் பாத்துட்டு போச்சுங்கன்னு நீங்க எண்ணல, நான் எண்ணியிருக்கேன். இன்னைக்கு எனக்கு இடுப்பு வலி. ஆறரைக்குத்தான் சரியாவும்."

அதற்கு மேல் வாசலில் கூச்சல்தான். மார்க்கம் தெரியாத பொம்பளைகள் என்றார் ஒருவர். கதவை உடைக்கலாம் என்றான் ஒரு அவசரக் குடுக்கை. உடைத்து? உள்ளே போகத்தான் எவனுக்கும் வழியில்லையே. கடைசியில் எல்லோரும் சுஃப்யானைப் பிடித்தார்கள். பெற்ற மகன் அவன் ஒருவன்தான் அந்தக் கதவைத் தட்டிக் கேட்க உரிமை உள்ள ஆண். "நீ சொல்லுடா. உன் தாயிடா. தொறக்கச் சொல்லு, ஜல்தி" என்று தோளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

சுஃப்யான் கதவு வரை போனான். கையைத் தூக்கினான். இவன் தட்டினால் உள்ளே இருக்கிறவர்கள் திறந்துதான் ஆக வேண்டும். சபுரா நடுவானத்தில் இருக்கிறாள், அவளுக்கு இங்கே நடப்பது எதுவும் தெரியாது. அவன் கையைக் கீழே போட்டான். திரும்பி, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதில் பதிவாகியிருந்த ஒரு குரலைப் போட்டான். விமானம் ஏறும் முன்னால் சபுரா அனுப்பிய குரல் அது. காலையிலிருந்து யாருக்கும் அவன் போட்டுக் காட்டவில்லை.

"சுஃப்யான், அம்மாவ எடுத்துடாதடா. நான் வந்துகினே இருக்கேன். ஒரே ஒரு சொம்பு தண்ணி நான் ஊத்தணும்டா. எடுத்துடாதடா தம்பி."

பின்னால் ஏர்போர்ட் அறிவிப்பு ஏதோ அரபியில் கேட்டது. அவன் அதை இன்னொரு தடவை போட்டான். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. அவசரக் குடுக்கை பீடி பற்ற வைக்க ரோட்டுக்குப் போய்விட்டான்.

"அசருக்கு எடுக்கல. அக்கா வரட்டும்" என்றான் சுஃப்யான். அவ்வளவு பேர் முன்னால் அவன் சொந்தமாகப் பேசியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஹாஜியார் விடவில்லை. "பத்து மணிக்கு வருவா. அப்பவும் வெச்சிருப்பியா?" என்றார்.

"பத்துன்னாலும் வெச்சிருப்பேன் மாமா."

மூன்று அடித்து ஏழு நிமிடத்துக்கு அவன் போன் மணி அடித்தது. அதை ஸ்பீக்கரில் போட்டான். சபுரா. அழுகையும் மூச்சுமாக இருந்தது. "எறங்கிட்டேன்டா. மெட்ராஸ்ல எறங்கிட்டேன். அம்மா இருக்குதா?"

ஹாஜியார் தலையைத் தூக்கினார். மூன்று ஏழு. அஞ்சரை இல்லை. சுற்றிலும் இருந்த வளைகுடாக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவுக்குள்ளே ஒருத்தி விசும்பினாள். ஹாஜியார் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். சற்று நேரத்தில் மைக் கரகரத்தது. இஷா தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்று அறிவித்தது அவர் குரல்தான்.

அப்படியும் கதவு திறக்கவில்லை. "அந்த மைக்குல காலையில ஒண்ணு சொன்னாங்க, இப்ப ஒண்ணு சொல்றாங்க. அக்கா வந்ததும் தொறக்குறோம்" என்றாள் நாசியா உள்ளேயிருந்து. ஜன்னல் வழியாக ஒரு குடம் தண்ணீரும் டீயும் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு வாசல் முழுக்க ஒரே கணக்குதான். நாலரைக்கு மகாபலிபுரம் தாண்டியாயிற்று என்று பச்சைமுத்து சொன்னான். திண்டிவனம் பாலத்தில் பஸ்கள் நகராமல் நிற்பதாக, அங்கிருந்து துக்கத்துக்கு வந்த ஒருவர் ஐந்தரை மணிக்கு வந்து புலம்பினார். மரக்காணத்தில் உப்பு லாரி ஒன்று பஞ்சராகி ரோட்டை அடைத்ததாம். பத்து நிமிடம் போயிற்று. ஆறரை ஆயிற்று. கார் வரவில்லை. அப்போது நாசியா எப்படித் துடித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்ன நேரம் தப்பினால், அடுத்த முறை எந்தப் பெண்ணுக்காகவும் எவனும் ஒரு நிமிடம் நிற்க மாட்டான்.

மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்குப் பாங்கு ஆரம்பித்தபோது தெருமுனையில் கார் திரும்பியது. ஆறு முப்பத்தெட்டு. சபுரா இறங்கி ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை. காரிலேயே விட்டுவிட்டாள் போலிருக்கிறது. தோளில் ஒரு கைப்பை, வேறு எந்தச் சாமானும் இல்லை. ஆண்கள் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டார்கள். தாழ்ப்பாள் திறந்தது, அவள் உள்ளே போனாள், மறுபடியும் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த அழுகையை நான் எழுதப் போவதில்லை. அழுகை அடங்கியபின் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

நஃபீசா பீவியை இஷாவுக்குப் பிறகு அடக்கினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஒரு வாரம் கழித்து ஜமாஅத்திலிருந்து மூன்று பேர் நாசியா கடைக்கு வந்தார்கள். ஹாஜியார் அவர்களோடு இல்லை. கதவைச் சாத்தியது தவறு என்று மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டுமாம். நான் என் கடையிலிருந்தே காதைக் கொடுத்தேன்.

"தர்றேன்" என்றாள் நாசியா. "ஆனா நான் செஞ்ச தப்பு இன்னான்னு நீங்களே முழுசா எழுதிக்கினு வாங்க. பெத்த பொண்ணு வர்றதுக்குள்ள எடுக்கப் பாத்தோம், மணிய தப்பா கூட்டுனோம், இவ கதவ சாத்துனான்னு எல்லாத்தையும் எழுதுங்க. கீழ கையெழுத்து போடுறேன். பக்கத்துலயே ஜெராக்ஸ் கடை இருக்குது, ஊருக்கே ஒரு காப்பி குடுத்துடலாம்."

அவர்கள் என் கடையைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மெஷினை ஆன் செய்து வைத்தேன். கடிதம் இன்றுவரை வரவில்லை.

அதற்கும் பத்து நாள் கழித்து, பிற்பகலில் கடைத்தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஹாஜியார் வந்தார். நாசியா எழுந்து நின்று சலாம் சொன்னாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு மகன் கிடையாது, ஒரே மகள், ஷார்ஜாவில் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

"ஷார்ஜாவுல இருந்து நம்ம ஊருக்கு எத்தினி மணி நேரம்மா?" என்று கேட்டார்.

"ஃப்ளைட்டுன்னா நாலு மணி நேரம் மாமா."

"ஃப்ளைட்ட கேக்கல. அவ வீட்டுல இருந்து என் வீட்டுக்கு."

நாசியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நோட்டை எடுத்துப் பிரித்தாள். வீடு எந்தப் பக்கம், ரோலாவா, வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து விடுவாரா, கைக்குழந்தை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். ஒரு தாளில் கூட்டி எழுதி அவர் பக்கம் தள்ளினாள். டிக்கெட் கிடைத்த நேரத்திலிருந்து பத்தரை மணி நேரம், அமாவாசையாக இருந்தால் பதினொன்று.

அவர் தாளைப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"என்னைக் குளிப்பாட்டப் போறது ஆம்பளைங்க" என்றார். "உள்ளயும் அவனுங்க, வெளியயும் அவனுங்க. எனக்குக் கதவ சாத்த ஆளு இருக்காதே நாசியா."

"அதுக்கென்ன மாமா? தாழ்ப்பாள் வெளிப்பக்கமும் இருக்குது, நாங்க போட்டுக்கிறோம்" என்றாள் அவள். "மொதல்ல உங்க பொண்ணு போன் நம்பர குடுங்க."

அவர் நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.